திருப்பாமல் போன போட்

றிஸானும் மற்ற இரண்டு பேரும் உயிரோடு ஊர் வந்து சேர்ந்த அன்று வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து ஒரு போட்டும் கடலுக்குப் போகவில்லை. ஐஸ் ஏற்றி, டீசல் அடித்து, தண்ணீர்த் தாங்கி நிரப்பி ஆயத்தமாய் நின்ற போட்டுகள்கூடக் கயிற்றை அவிழ்க்கவில்லை. ஓட்டிகள், ஏலம் கூறுகிறவர்கள், ஐஸ் உடைக்கிறவர்கள், தமிழர் முஸ்லிம் என்றில்லாமல் எல்லோரும் பாலத்தடியில் இருந்த நௌஷாட்டின் வளவுக்குள் வந்து நிறைந்தார்கள்.

அந்த ஊர் அப்படித்தான். காகித ஆலையில் சங்கு ஊதின காலத்தில் ஊருக்கு நேரம் சொன்னது ஆலை. இப்போது துறைமுகம். போட் வந்தால் விடியும், போட் வராவிட்டால் விடியாது. ஆறு வாரமாக ஒரு போட்டுக்காக ஊரே காத்திருந்தது.

நாலு பேர் போய் மூன்று பேர்தான் திரும்பியிருந்தார்கள். போட்டின் ஓட்டியான நௌஷாட் வரவில்லை. இஞ்சின் நின்று மிதந்த பதினெட்டாம் நாள் கடலிலேயே அவர் கண்ணை மூடிவிட்டார். அவரைக் கடலுக்கே கொடுத்துவிட்டு, பிறகும் நாலு நாள் மிதந்த மற்றவர்களை ஒரு சரக்குக் கப்பல் தூக்கி இந்தோனேசியாவில் இறக்கியது. அங்கே ஆஸ்பத்திரி, விசாரணை, கடதாசி எல்லாம் முடிந்து அன்றைக்குத்தான் வீடு வந்திருந்தார்கள்.

ஜெயராஜா கல்குடாவிலிருந்து சைக்கிளில் வந்து, கூட்டத்தின் பின் வரிசையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். முப்பது வருடமாகக் கடலில் நிற்கிற மனிதர். நௌஷாட்டும் அவரும் இளந்தாரிகளாய் இருந்த காலத்தில் ஒரே போட்டில் ஆறு வருடம் தொழில் செய்தவர்கள். அவர் வராமல் இருந்திருந்தால்தான் ஆட்கள் கேட்டிருப்பார்கள்.

றிஸானுக்கு இருபத்து நாலு வயது. நௌஷாட்டின் மனைவி நிஸ்மியாவுடைய தம்பி மகன். முகம் கருகி, உதடு வெடித்து, தோள் எலும்பு சட்டைக்கு மேலால் தெரிந்தது. கேட்கிறவர்களுக்கெல்லாம் அவன் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"இஞ்சின்ட சாஃப்ட் முறிஞ்சிட்டு. கச்சான் காத்து எங்களைக் கிழக்கால தள்ளித் தள்ளிக் கொண்டு போச்சு. நாலாம் நாள் பின்னேரம் ஒரு போட்டக் கண்ட. ரெண்டு மைல் இருக்கும். சாரத்தைக் கழட்டி மூங்கில்ல கட்டி ஆட்டின. கத்தின. மாமா பானையில தட்டின. அது நேரா மேற்கால போயிட்டு."

"யார்ர போட் மனே அது?" என்று ஒருவர் கேட்டார்.

றிஸான் தண்ணீர்க் கோப்பையை எடுத்துக் குடித்தான்.

"தெரியா. கண் மங்கிப் போயிருந்திச்சு," என்றான்.

கூட்டத்தில் யாரோ, "அவன் மனிசனா?" என்றார்கள். இன்னொருவர், "நம்மட கடல் ஆளா இருக்கமாட்டான். தெற்கால இருந்து வந்த போட்டா இருக்கும்," என்றார். எல்லோரும் ஓம் என்று தலையாட்டினார்கள். பக்கத்திலிருந்தவர் ஜெயராஜாவின் முகத்தைப் பார்த்தார். ஜெயராஜாவும் தலையாட்டினார்.

ஓகஸ்ட் பத்தாம் திகதி, பின்னேரம் நாலு மணி. அவருக்கு அது நன்றாக நினைவிருந்தது.

பதினொரு நாள் கடலில் நின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அந்த வருடம் அப்படியொரு மீன் பட்டதில்லை. ஐஸ் அறை நிறையப் பெரிய சூரை, மேலே நாலு தளபத்து மீன். ஆனால் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. அறையைத் திறந்து கையை விட்டால் மேல் மீன் கொஞ்சம் மெதுமெதுவென்று வந்துவிட்டது. அதைவிட முக்கியமான காரியம் ஒன்று கரையில் இருந்தது. பதினைந்தாம் திகதி மாதா கோயில் பெருநாள். ஊர்வலத்தில் மாதா சொரூபக் கூட்டின் முன் தண்டைத் தோளில் தூக்க அந்த வருடம் முதன்முதலாக ஜெயராஜாவின் பெயரைச் சொல்லியிருந்தார்கள். மூன்று தலைமுறையாக ஓட்டிகள் மட்டும் தூக்குகிற தண்டு. வெள்ளைச் சேட்டும் வேட்டியும் அவருடைய மனைவி மக்டலின் தைப்பித்து வைத்திருந்தாள்.

மற்ற ஆட்கள் கீழே நித்திரை. மேல்தட்டில் நின்ற அன்ரோதான் முதலில் கண்டான். அன்ரோ அவருடைய மகள் டினுஷாவைக் கட்டியவன். இரண்டு வருடமாக அவரோடு கடலுக்கு வருகிறவன்.

"மாமா, அங்கால ஒரு போட் கிடக்கு. யாரோ என்னமோ ஆட்டுறான் போல."

ஜெயராஜா கபினிலிருந்து எட்டிப் பார்த்தார். வெயில் முகத்தில் அடித்தது உண்மைதான். ஆனாலும் தெரிந்தது. அலைக்குக் குறுக்கே விழுந்து கிடந்த போட். இஞ்சின் ஓடுகிற போட் அப்படிக் கிடக்காது. மூங்கிலில் ஒரு துணி. முப்பது வருடக் கண்ணுக்கு அது போதும்.

திருப்பினால் கட்டி இழுக்க வேண்டும். கட்டி இழுத்தால் ஒன்றரை நாள் ஓட்டம் ஐந்து நாளாகும். ஐஸ் நிற்காது. பெருநாள் நிற்காது.

"தூண்டில் போட்டுட்டுக் கிடக்கிறானுகள் அன்ரோ. துணியைக் காய வெச்சிருக்கிறான். நமக்குப் பின்னாலயும் போட் வருதுதானே," என்றார்.

அன்ரோ இன்னும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஒன்றும் சொல்லாமல் கீழே இறங்கினான்.

அன்ரோவுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அவன் இறங்கிய பிறகு கபினில் இருந்த ரேடியோ செற் கரகரத்தது. பட்டறி இறங்கிய செற்றிலிருந்து வருகிற மாதிரி ஒரு குரல், வந்து வந்து அறுந்தது. "அண்ணே... போட்... இஞ்சின் இல்ல... அண்ணே இஞ்ச..." ஜெயராஜா கையை நீட்டி, செற்றின் சத்தத்தைக் குறைத்தார். ஒன்றும் கேட்காத அளவுக்குக் குறைத்தார்.

பன்னிரண்டாம் திகதி கரைக்கு வந்தார்கள். பதின்மூன்றாம் திகதி மீனவர் சங்கத்தில் கூட்டம் வைத்தார்கள். நௌஷாட்டின் போட்டோடு ஆறு நாளாகத் தொடர்பில்லை, யாராவது கண்டீர்களா என்று ஒவ்வொரு ஓட்டியாகக் கேட்டார்கள். அப்போதுதான் அது நௌஷாட்டின் போட் என்று ஜெயராஜாவுக்குத் தெரிந்தது. கண்ட இடம் அவருடைய ஜிபிஎஸ்ஸில் புள்ளியாய்க் கிடந்தது. எழுந்து நின்று அந்த இலக்கத்தைச் சொன்னால் போதும். ஆனால் கண்டவன் ஏன் திருப்பவில்லை என்ற கேள்வி அடுத்ததாக வரும். முறை அவருக்கு வந்தது.

"நான் காணல்ல," என்றார்.

எதிர்ச் சுவரோரம் நின்ற அன்ரோ அவரைப் பார்த்தான். அவர் நிலத்தைப் பார்த்தார்.

பதினைந்தாம் திகதி வெள்ளை வேட்டி உடுத்து மாதாவின் கூட்டை முன்தண்டில் தூக்கினார். கடல் தொழிலாளருக்காக மன்றாடுவோம் என்று பாதர் சொன்னபோது சனத்தோடு சேர்ந்து அவரும் பதில் சொன்னார். அந்த நேரத்தில் நௌஷாட் உயிரோடு இருந்தார்.

மக்டலினும் நிஸ்மியாவும் துறைமுகத்துப் பக்கம் இருக்கிற நண்டுக் கொட்டிலில் எட்டு வருடமாகப் பக்கத்தில் பக்கத்தில் இருந்து வேலை செய்கிறவர்கள். அவித்த நண்டை உடைத்துச் சதையை ஆய்ந்து பெட்டியில் அடைப்பது. விரலெல்லாம் கீறல். ஒருத்தியின் விரலில் முள் ஏறினால் மற்றவள் எடுத்துவிடுவாள். போட் காணாமல் போன நாளிலிருந்து மக்டலின் வேலை முடிந்ததும் நேரே நிஸ்மியாவின் வீட்டுக்குப் போய் இருந்துவிட்டுத்தான் வருவாள். நௌஷாட் இறந்த மௌத்துச் செய்தி வந்த பிறகும் போனாள். ஒவ்வொரு பின்னேரமும் வந்து, "இண்டைக்கும் ஒரு வாய் தின்னல்லயாம்," என்று புருஷனிடம் சொல்வாள். ஜெயராஜா சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

றிஸான் வந்து இரண்டு கிழமை கழிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து மகளும் மருமகனும் சாப்பிட வந்திருந்தார்கள். மக்டலின் முருங்கையிலை போட்டு நண்டுக் கறியும் மாங்காய்ச் சொதியும் வைத்திருந்தாள். அன்ரோ சோற்றுக் கோப்பையில் கையை வைக்காமல் இருந்தான்.

"மாமா, நான் இனிக் கடலுக்கு வரல்ல."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்டுமில்ல. பாசிக்குடாவில ஹோட்டல் வேலைக்குக் கேட்டிருக்கன்."

"ஹோட்டல்ல போய் என்ன செய்யப் போற? சட்டி கழுவப் போறியா?"

"கழுவினாலும் பரவாயில்ல."

டினுஷாவுக்கு அழுகை வந்துவிட்டது. "ரெண்டு கிழமையா இப்பிடித்தான்பா. ராவில நித்திரையும் இல்ல. என்னெண்டு கேட்டா, உங்கட அப்பாட்ட கேளு எண்டுறார்."

கறியள்ளிய அகப்பையோடு மக்டலின் நின்றாள். "அவர்ட்ட என்னத்தைக் கேட்கிற?"

வேலிக்கு அங்கால் யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள். அது ஸ்டார்ட் ஆகவில்லை.

"றிஸான் சொன்ன போட் எங்கட போட்தான் மாமி," என்றான் அன்ரோ.

மக்டலின் அகப்பையைச் சட்டிக்குள் வைத்தாள். மூடினாள். பிறகு புருஷனுக்கு முன்னால் வந்து நிலத்தில் இருந்தாள்.

"இஞ்சேருங்க. இவன் என்ன சொல்றான்?"

"தூண்டில் போட்டுக் கிடக்கிறானுகள் எண்டு நினைச்சன்."

"நினைச்சீங்களா, இவனுக்கு அப்பிடிச் சொன்னீங்களா?"

ஜெயராஜா தன் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"சங்கத்தில கேட்ட நேரமாவது சொல்லியிருக்கலாம்தானே."

"சொன்னா என்ன நடக்கும் எண்டு உனக்குத் தெரியாதா? தமிழ் போட் முஸ்லிம் போட்டை உட்டுட்டு வந்திட்டு எண்டுதான் கதை போகும். நான் அதுக்காகச் செய்யல்ல எண்டு ஆர் நம்புவான்? மறுகா கடை பூட்டுவான், ரயர் எரிப்பான். ஊர் ரெண்டாப் போயிரும்."

"கண்ட நேரம் ஊரை நினைச்சீங்களா?"

அவர் நினைத்தது ஐஸையும் வெள்ளை வேட்டியையும். அதை மகளுக்கு முன்னால் சொல்ல வாய் வரவில்லை. ஆனால் மக்டலினுக்கு விளங்கிவிட்டது. அவள் முகம் மெல்லமெல்லக் கறுத்தது.

"நான் அவள்ட தலையை என்ட மடியில வெச்சிட்டு இருந்தனே," என்றாள். "ஆரோ ஒரு பாவி பார்த்திட்டுப் போயிட்டானே கா எண்டு அவளுக்கு முன்னால நான்தான் திட்டினன். இனி நான் என்ன முகத்தோட அங்க போறது?"

அன்ரோ எழுந்து கிணற்றடிக்குப் போனான். "நானும்தான் வாயத் திறக்கல்ல. எனக்கும் அதே பாவம்தான்," என்று போகிற போக்கில் சொன்னான். நண்டுக் கறியை அன்று யாரும் தின்னவில்லை.

அடுத்த இரண்டு நாளும் மக்டலின் வேலைக்கும் போகவில்லை, நிஸ்மியாவிடமும் போகவில்லை. வீட்டுக்குள்ளேயே ஜெயராஜா ஒரு சுவர் என்பதுபோல் அவரைக் கடந்து நடமாடினாள். மூன்றாம் நாள் பின்னேரம் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலத்தடிக்குப் போனார். போகிற வழியெல்லாம் சொல்லப் போகிறதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். எந்தச் சொல்லில் தொடங்கினாலும் அது தன்னை நியாயப்படுத்துகிற மாதிரியே வந்தது.

புருஷன் இறந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் இத்தா இருக்க வேண்டும். அதனால் நிஸ்மியா அறைக்குள் இருந்தாள். வாசலில் நீலத் திரை தொங்கியது. றிஸான் மண்டபத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, "இரிங்க அண்ணன்," என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டில் போய் இருந்தான்.

"ஆர், ஜெயராஜா அண்ணனா?" திரைக்குப் பின்னாலிருந்து நிஸ்மியாவின் குரல் வந்தது. "மக்டலின் எங்க? மூணு நாளா வரல்ல. காய்ச்சலா?"

"காய்ச்சல் இல்ல தங்கச்சி. நான்தான்... நான் ஒண்டு சொல்ல வந்தன். றிஸான் கண்ட அந்த போட்..."

"தெரியும் அண்ணன்."

ஜெயராஜா படிக்கட்டில் இருந்த றிஸானைத் திரும்பிப் பார்த்தார்.

"வந்த அண்டைக்கே அவன் சொன்ன. உங்கட கபின்ட பச்சை துறைமுகத்தில வேற எதிலயும் இல்லையாம். நான்தான் வெளியில சொல்லப்படாது எண்டு அவன்ட்ட சத்தியம் வாங்கின."

"ஏன் தங்கச்சி?"

"ஏன் எண்டு நீங்களா கேக்கிற? எனக்கு ஒன்பது வயசில, கலவர நேரம், எங்கட உம்மா என்னைத் தூக்கிட்டு இந்தப் பாலத்தால ஓடின. உங்கட ஆக்களும் அந்தப் பக்கத்தால ஓடினாங்க. என்ட புருஷன் கடல்ல மௌத்தான. அவர்ர பேரைச் சொல்லி ஊருக்குள்ள இன்னொரு மௌத்து விழப்படாது."

ஊர் இரண்டாகிவிடும் என்ற எந்தச் சாக்கை அவர் தன் வீட்டில் கவசமாகப் பிடித்திருந்தாரோ அதை இவள் தன் துக்கத்தின் மேல் போட்டு மூடி வைத்திருந்தாள். இத்தனை வாரமும் தானே மறைத்து வைத்திருப்பதாக அவர் நினைத்தது தவறு. கடைசி இரண்டு கிழமையும் அவரைக் காத்தவர்கள் இந்த வீட்டுக்காரர்கள். அன்று கூட்டத்தில் றிஸான் தண்ணீர் குடித்ததும் அதற்காகத்தான். அந்த நேரம் தான் தலையாட்டியதை நினைத்துக் கூசிப்போனார். கதிரையில் முழுசாக இருக்கவும் முடியவில்லை, எழும்பவும் முடியவில்லை.

"ஒண்டு மட்டும் கேக்கணும்," என்றாள் நிஸ்மியா. "பின்னேர வெயில் கண்ணில அடிச்சிருக்கும், அண்ணன் கண்டிருக்கமாட்டார் எண்டு றிஸான் சொல்றான். நானும் அப்பிடித்தான் நினைச்சிட்டு இரிக்கிற. நீங்க கண்டீங்களா, காணல்லயா?"

காணவில்லை என்று சொல்லலாம். அவளுக்கு அது ஆறுதல். அவருக்கும் ஆறுதல். அதைத்தான் அவள் கேட்கிறாளோ என்றுகூட இருந்தது. ஆனால் அந்தச் சொல்லை அவர் ஏற்கெனவே ஒரு தடவை சொல்லியிருந்தார்.

"கண்டன்."

அவர் திரையைப் பார்த்தே மிச்சத்தையும் சொன்னார்.

"இஞ்சின் இல்லாத போட் எண்டு தெரிஞ்சிது. செற்றிலயும் கூப்பிட்டாங்க. நான் சத்தத்தைக் குறைச்சிட்டன். உங்கட போட் எண்டு அப்ப தெரியா. ஆற்ற போட்டா இருந்தாலும் திருப்பியிருக்கணும். சங்கத்தில கேட்ட அண்டைக்கு உங்கட போட் எண்டு தெரியும். அப்பயும் காணல்ல எண்டு சொன்னன்."

"எண்டைக்கு அந்தக் கூட்டம்?"

"பதின்மூண்டாம் திகதி."

"அவர் மௌத்தானது இருபத்தி நாலு," என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். உள்ளே மின்விசிறி கறக்கறக்கென்று சுற்றியது.

"சங்கத்தில எழும்பிச் சொல்லப் போறன் தங்கச்சி. என்ன செய்தாலும் செய்யட்டும்."

"சொல்லாதீங்க." குரல் இப்போது மாறியிருந்தது. அழுது முடித்த குரல் இல்லை, அழாமல் பிடித்து வைத்த குரல். "சொன்னா உங்கட பாரம் இறங்கிரும். அது ஊர்ர தலையில ஏறும். என்னையும் வந்து கேப்பாங்க, நான் என்னத்தைச் சொல்ற? நீங்களே வெச்சிருங்க. மக்டலினை வரச் சொல்லுங்க. அவள் என்ன செய்த? அவள் வராட்டி எனக்கு வாய் துறக்க ஆளில்ல. நீங்க வராதீங்க அண்ணன்."

"ஓம்," என்றார்.

வளவு வாசல் கடப்படி வரைக்கும் றிஸான் கூட வந்தான். சைக்கிளை அவனே திருப்பிப் பிடித்தான். அவன் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஜெயராஜா நினைத்தார். அவன் வேறொன்று கேட்டான்.

"செற்றில நான்தான் கதைச்ச அண்ணன். உங்களுக்கு விளங்கிச்சா?"

"விளங்கிச்சு மனே."

"இஞ்சின் இல்ல எண்டது?"

"அதுவும்."

றிஸான் சைக்கிள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தான். அவனுடைய வெடித்த உதடு துடித்தது. "பட்டறி நனையாமப் பாக்கச் சொல்லி மாமா என்ட்டதான் தந்த. நான் நித்திரையாப் போயிட்டன். அது நனைஞ்சிட்டு. என்ட சத்தம் வெளியில போகவே இல்லை, என்னாலதான் மாமா மௌத்தான எண்டு இவ்வளவு நாளும்..." அவன் முடிக்கவில்லை. கைப்பிடியை விட்டுவிட்டு, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தபடி உள்ளே போனான்.

ஜெயராஜா சைக்கிளில் ஏறவில்லை. உருட்டிக்கொண்டே கல்குடா வரைக்கும் நடந்தார். வழியில் இரண்டு மூன்று பேர், "என்ன அண்ணே, காத்துப் போயிட்டா?" என்று கேட்டார்கள். ஓம் என்றார்.

மக்டலின் கடப்படியில் நின்றாள். நிஸ்மியா சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னார். றிஸான் கேட்டதையும் சொன்னார். செற்றின் கதையை மக்டலின் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டாள். வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"என்னை வரச் சொன்னாவா?"

"ஓம்."

"நாளைக்கு வெள்ளெனப் போவன். அவள் ஏசினாலும் இருந்து கேட்பன்." வீட்டுக்குள் போகத் திரும்பியவள் நின்றாள். "உங்களுக்காக இல்ல."

காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. கேட்காமலேயே மக்டலின் ஒரு கோப்பையில் சோறும் பருப்பும் பொரித்த ஓரா மீனும் போட்டு, ஒரு செம்பு தண்ணீரும் கொண்டுவந்து வாங்குப் பலகையில் வைத்துவிட்டுப் போனாள். ஜெயராஜா கையைக் கழுவினார். கடல் உப்பில் வெடித்த றிஸானின் உதடு கண்ணுக்கு முன்னால் நின்றது. தண்ணீரைப் பார்த்தார், சோற்றைப் பார்த்தார். வயிறு இரைந்தது. நன்றாகப் பசித்தது. பசித்ததற்கும் அவருக்கு வெட்கமாக இருந்தது.